மருந்து போட்ட ராகி

அன்று அந்தக் கூழைக் குடித்திருந்தால் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு ஊரே சேர்ந்து காய்ச்சிய கூழ் அது. அம்மனுக்குப் படைத்தது. அது மண்ணில் போனதற்கு நான்தான் காரணம்.

இந்த மாதத்தோடு நான் இந்த வேளாண் களப்பணி வேலையை விடுகிறேன். ஓய்வு பெறும் வயதில்லை. மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று சேலத்துக்கு இறங்குகிறோம். என் இடத்துக்கும் பக்கத்துக் கிராமங்களுக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எந்த மண்ணுக்கு எந்த விதை, எந்தப் பூச்சிக்கு என்ன செய்வது என்பதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். அதே பயிற்சியில் பருவம் தப்புவதையும், உலகம் இனி என்ன சாப்பிடப் போகிறது என்பதையும் படம் போட்டுக் காட்டுவார்கள். மலை ஏறிப் போனால் உங்களிடம் யாரும் உலகத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். ஒரு கிண்ணத்தை நீட்டி, "இதச் சாப்படலாமுங்களா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் நான் நின்ற இரண்டு நாட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அரிசி.

என் கணவருக்குச் சேலத்தில் வேலை, எனக்கு மலைமேல் ஏற்காட்டில். அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனேன். அப்போது அவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. குப்பனூர் சாலையிலிருந்து பிரிந்து ஜீப் மட்டும் போகும் பாதையில் ஒரு மலைக்கிராமம். ராகி, சாமை, கொஞ்சம் காப்பி, கொஞ்சம் பலா என்று வாழ்கிறவர்கள். ஒரு நாள் நான் இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு குண்டாவில் ரேஷன் அரிசியை ஊற வைத்திருந்தார்கள். சில அரிசிகள் மட்டும் மேலே மிதந்தன.

"பாருங்க மேடம், ப்ளாஸ்டிக்கு" என்றார் பழனியம்மா. அந்த ஊரில் எதையும் முதலில் கேட்கிறவர் அவர்தான். "பத்த வெச்சும் பாத்தமுங்க. மெழுகாட்ட உருகுது."

"எந்த அரிசியைப் பத்த வெச்சாலும் ஒரு மாதிரிதாங்க எரியும்" என்றேன். "அது ப்ளாஸ்டிக் இல்லீங்க. அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்தெல்லாம் சேர்த்து, திரும்ப அரிசி மாதிரி செஞ்சு கலக்கறாங்க. ரத்தசோகை வராம இருக்க."

"அரிசிய மாவாக்கி மறுக்கா அரிசியாக்கறாங்களா? ஏனுங்க, அவிங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் நம்பவில்லை. அந்த அரிசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். சத்து தேவைப்பட்ட வீடுகள் அவை. எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் ஏதேதோ விளக்கினேன். பழனியம்மா என் மகளைப் பார்த்தார்.

"சரிங்க. நீங்க இத்தன சொல்றீங்க. நம்ம பாப்பாவுக்கு ஒரு வாயி குடுங்க பாக்கலாம்."

பழனியம்மாவின் தம்பி மனைவி சங்கீதா உள்ளே போய்க் குழைந்த சோறு எடுத்துவந்தாள். என் வயதுதான் அவளுக்கு. அவளுக்கும் கைக்குழந்தை, ஆண் பிள்ளை. என் மகளும் அவனும் சில வாரங்கள் முன்பின் பிறந்தவர்கள். நான் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். என் மகள் விழுங்கிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்து இன்னொரு வாய் கேட்டாள்.

"பாப்பாவே சொல்லிப்போட்டா, அப்பறம் என்னுங்க!" என்றார் பழனியம்மா.

அடுத்த முறை போனபோது யாரும் அரிசி பொறுக்கவில்லை. அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அன்று ஜீப்பில் இறங்கி வரும்போதே ஒரு உறுத்தல். அந்த அரிசி நல்லது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு மேலே இருப்பவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த வரிசையில் யாருமே சாப்பிட்டுக் காட்டவில்லை. பல் முளைக்காத என் மகள் காட்டினாள்.

அந்த வருஷம் மழை எப்போதும்போல் வரவில்லை. கோடையில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடையில் போனது. அதை நம்பி விதைத்த ராகி முளைத்து இரண்டு இலை விட்டு வெயிலில் கருகிவிட்டது. மறுபடி விதைத்தார்கள். அதுவும் போயிற்று. அந்த ஊரில் விதைக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. சாப்பிடுகிற ராகிதான் விதை, விதைக்கிற ராகிதான் சாப்பாடு, இரண்டும் ஒரே குதிர். இரண்டு முறை விதைத்ததில் குதிரும் அடி தெரிந்துவிட்டது.

அதனால் முதன்முறையாக அவர்களுக்கு வெளியிலிருந்து விதை போனது. நாங்கள்தான் கொடுத்தோம். சமவெளியிலிருந்து பெரிய பைகளில் வந்தது. பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மருந்து கலந்து, அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய விதை. பையில் மண்டையோட்டுப் படமும் எச்சரிக்கையும் இருந்தன. ஒரு வீட்டுக்குக் கொஞ்சம்தான் தேவை என்பதால் அலுவலகத்தில் அதைச் சின்னச் சின்னக் கவர்களாகப் பிரித்தார்கள். எச்சரிக்கை பையோடு நின்றுவிட்டது. கொடுக்கும்போது வாயால் சொன்னார்கள். "மருந்து போட்ட விதைங்க. விதைக்க மட்டும்."

எனக்குத் தெளிவாகத்தான் பட்டது. உங்களுக்கும் படும். ஒரு நிமிஷம் அதை வேறு காதில் கேட்டுப் பாருங்கள். காய்ச்சலுக்கு டாக்டர் கொடுப்பது மருந்து. பிரசவித்தவளுக்கு இடித்துக் கொடுப்பது மருந்து. காப்பிச் செடிக்கு அடிப்பதும் மருந்துதான். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். "விதைக்க மட்டும்" என்பதையும் அவர்கள் வேறு மாதிரி கேட்டிருக்கலாம். விதையைத் தின்னாதே என்று வீட்டில் பெரியவர்கள் எப்போதும் சொல்வதுதான். அது சிக்கனத்துக்குச் சொல்வது. முடியாதபோது அதையும் எடுத்துத் தின்றுதான் தீர வேண்டும்.

அதன் பிறகும் மழை வரவில்லை. சிவப்பு ராகி கவரிலேயே கிடந்தது. ஆடி வந்துவிட்டது.

அந்த ஊரில் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஒவ்வொரு வீடும் ராகி மாவு கொடுக்க வேண்டும். எல்லா மாவும் ஒரே பானையில்தான் விழும். எந்த வீடு எவ்வளவு என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் எந்த வீடு கொடுக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அழைப்பு இருந்தது. மகளோடு ஜீப்பில் போனேன். கோயிலுக்குப் போகும் வழியில் சங்கீதாவின் வீடு. உள்ளே எட்டிப் பார்த்தேன். மகனை மடியில் போட்டுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. உக்காருங்க. நம்ம பாப்பாவுக்கும் ஒரு கிண்ணம் குடுக்கட்டுங்களா? நல்ல ராகிங்க, மருந்து போட்டது."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. "எது?" என்றேன்.

"அதாங்க்கா, உங்க ஆபீஸ்ல குடுத்தாங்களே, செவப்பு ராகி. ரேஷன் அரிசியில சத்துதான் கலந்திருக்குன்னு சொன்னீங்க. இதுல மருந்தே போட்டிருக்குதுன்னாங்க. மழையும் வரல. சும்மா கெடக்குறதுக்கு எடுத்துப் போட்டேன்."

"சிவப்பா இருக்குமே சங்கீதா!"

"மூணு தண்ணி அலசுனேன். புதுப் பொடவையாட்ட சாயம் விட்டுருச்சு. அப்பறம் காய வெச்சு அரைச்சுட்டேன். ஏனுங்க்கா?"

நான் கிண்ணத்தைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் பிள்ளை அழ ஆரம்பித்தான். இன்றுதான் முதல் தடவையா என்று கேட்டேன். நேற்றும் கொடுத்தாளாம். சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. யாராவது உரக்கச் சொல்லித்தான் ஆபத்து புரிய வேண்டும் என்பதில்லை. இன்னொரு தாய் கிண்ணத்தைப் பிடுங்குவதைப் பார்த்தால் போதும்.

"மீதி மாவு எங்கே?"

"கோயலுக்குக் குடுத்துட்டனுங்க்கா. குதிர்ல ஒண்ணுமில்ல. வெறுங்கையோட எப்படிப் போறது?"

இருந்தது ஒரே ஜீப். சங்கீதாவையும் பிள்ளையையும் அதில் ஏற்றி ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நானும் போயிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். பானை இங்கே இருந்தது. அதனால் நின்றேன். சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி அலுவலகத்தில் என் மூத்தவருக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம். நிறைய வருஷம் இந்த மலையில் வேலை செய்தவர். நல்லவர் என்றே இன்றும் நினைக்கிறேன், பெரும்பாலான நாட்களில்.

"பதறாதேம்மா" என்றார். "ஒரு வீட்டு மாவு. அலசியிருக்காங்க. அவ்வளவு பெரிய பானையில அது எந்த மூலைக்கு? நீ பாட்டுக்கு விஷம்னு சொல்லிட்டா நாளைக்கு ஒருத்தனும் நம்ம விதையைத் தொட மாட்டான். அந்த ஊர் வருஷம் பூரா பட்டினி. யோசிச்சுப் பேசு."

நியாயமாகத்தான் இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டேன். வைக்கும் முன் அவர் குரலைத் தணித்து இன்னொன்று சொன்னார்.

"ஆனா நீ குடிக்காதே. பாப்பாவுக்கும் குடுக்காதே."

உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒன்றும் ஆகாது என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியம் முடியும்வரை காத்திருங்கள். அதன் வாலில் 'ஆனா' வருகிறதா என்று பாருங்கள்.

பாறையிலிருந்து இறங்கி வந்தபோது படையல் முடிந்திருந்தது. பிள்ளைகள் சொம்பும் டம்ளருமாக வரிசையில் நின்றார்கள். அந்த வருஷம் அவர்களில் பலருக்கு வயிறு நிறையக் கிடைக்கப்போவது அன்றுதான். பழனியம்மா அகப்பையில் கூழ் மொண்டு, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மொத வாயி நம்ம பாப்பாவுக்குத்தான். வா சாமி, ஆ காட்டு."

என் மகள் வாயைத் திறந்தாள். நான் அவள் தலையைப் பிடித்து என் தோளில் அழுத்திக்கொண்டேன்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க மேடம்? ஆத்தா கூழு உங்க புள்ளைக்கு ஆவாதுங்களா?" பழனியம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கிண்ணம் கீழே இறங்கவில்லை.

"யாரும் குடிக்க வேண்டாமுங்க" என்றேன். "நாங்க குடுத்த சிவப்பு ராகி மாவு இதுல கலந்திருக்கலாம். அது விதைக்கு அடிச்ச மருந்துங்க. பூஞ்சணத்தைக் கொல்ற மருந்து. உடம்புக்கு ஆகாது."

பூசாரி முன்னால் வந்தார். "அம்மனுக்குப் படைச்சதுங்க. அதுல எப்பிடிங்க வெசம் வரும்?"

"எந்த ஊட்டு மாவுன்னு சொல்லிப்போடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பார்வையைப் பார்த்தபோது எனக்குப் பானையைவிட அது பயமாக இருந்தது. "எந்த வீடும் இல்லீங்க. எங்க ஆபீஸ் ராகி. எல்லா ஊட்டுக்கும்தான் குடுத்தோம். தப்பு எங்களோடது" என்றேன். என் வாயில் 'ஊடு' என்று வந்ததை நானே அப்போதுதான் கேட்டேன்.

"சங்கீதா எங்க?" என்றார் பழனியம்மா. சிரிப்பு போயிருந்தது.

"பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. ஜீப்புல அனுப்பிச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் வீட்டு மாவு, அவர் தம்பி மகன். பூசாரி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வெளியாள் பேச்சைக் கேட்டு அம்மன் கூழைக் கொட்டினால் வருகிற மழையும் போகும் என்றார். பழனியம்மா கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் கவிழ்த்தார்.

"வெளியாளு பேச்ச உடுங்க பூசாரி. அன்னைக்கு அரிசிய அந்தப் புள்ள தின்னுச்சு, நாமுளும் தின்னோம். இன்னைக்கு அந்தப் புள்ள குடிக்கல. நம்ம புள்ளைகளும் குடிக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பானையின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தார்.

சங்கீதாவின் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதைக்கு நன்றாக இருக்கிறான், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இன்று அவன் பலா மரத்தில் ஏறுகிறான். ஆனால் அவனுக்குச் சளி பிடித்தாலும் வயிறு வலித்தாலும் சங்கீதா எனக்குப் போன் செய்வாள். "அதனாலீங்களாக்கா?" இல்லை என்று சொல்கிறேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்று அவள் கேட்பதில்லை.

மற்றவை நான் நினைத்தபடி நடக்கவில்லை. விஷம் என்று சொன்னேனே தவிர, மீதி விதையை என்ன செய்வது என்று சொல்ல மறந்துவிட்டேன். அன்றே பல வீடுகளில் கவரை எடுத்துப் போய் ஓடையில் கொட்டினார்கள். கீழே உள்ளவர்கள் குடிக்கிற ஓடை. ஒன்றைத் தூக்கி எறியச் சொன்னால் எங்கே எறிவது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். மழை பிறகு வந்தது. விதைக்க விதை இல்லை. நிலம் அப்படியே கிடந்தது. மூத்தவர் சொன்னது பலித்துவிட்டது. ஒரு டம்ளர் கூழை எடுத்து வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் இன்று எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அல்லது பதிலைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லையோ என்னவோ.

எச்சரிக்கை இல்லாமல் கவர் பிரிப்பது நின்றுவிட்டது. அது ஒன்றுதான் நல்லது என்று சொல்ல முடியும். ஆனால் எனக்குள் ஒன்று நிற்கவே மாட்டேன் என்கிறது. கடைவீதியில் பளபளவென்று இருக்கும் தக்காளியைப் பார்த்தால் கை தயங்குகிறது. பாலை முகர்ந்து பார்க்கிறேன். மகளுக்கு ஆரஞ்சு உரிக்கும் முன் மூன்று தண்ணீரில் கழுவுகிறேன், கழுவும்போது சங்கீதாவின் மூன்று தண்ணீர் ஞாபகம் வருகிறது.

அந்த ஊரில் அதன் பிறகு கூழ் ஊற்றவில்லை. யார் கேட்டாலும் மழையைத்தான் காரணம் சொல்வார்கள். உண்மையில் ஒரு வீட்டு மாவோடு தன் வீட்டு மாவைக் கலக்க யாருக்கும் மனசு வரவில்லை. வீட்டுக்கு வீடு தனியாகக் காய்ச்சிக் கும்பிட்டார்கள்.

போன வாரம் பழனியம்மா போன் செய்தார்.

"இந்த ஆடிக்கு ஊத்தறமுங்க. யாரு ஊட்டு மாவும் வேண்டாமுன்னு முடிவு பண்ணிப்போட்டோம். எல்லாருஞ் சேந்து சேலத்துல ஒரு மூட்டை ராகியா வாங்கிப்போட்டோம். நீங்க கண்டிப்பா வரோணும்."

"வர்றேங்க" என்றேன்.

"நீங்க வந்தா மட்டும் பத்தாதுங்க. பாப்பா வரோணும்."

"அவ இப்ப நொம்ப வாலுங்க. ஒரு இடத்துல நிக்க மாட்டா. நானே குடிச்சுக் காட்டறேன்."

"நீங்க குடிச்சா கணக்கில்லீங்க மேடம்" என்றார். கேலியாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "மொத வாயி பாப்பா குடிக்கோணும். அதுக்கப்பறந்தான் மத்த புள்ளைகளுக்கு ஊத்துவோம். ஊரே அப்பிடித்தான் பேசி வெச்சிருக்குது."

அந்த மூட்டை எங்கே விளைந்தது, எந்தக் கிடங்கில் கிடந்தது, வண்டு விழாமல் இருக்க அதில் யார் எதைப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. விற்ற கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. பெரும்பாலும் நல்ல ராகியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் நாம் எல்லாரும் தினமும் சாப்பிடுகிறோம். நான் போகாவிட்டால் அந்த ஊர் மறுபடி ஒரே பானையில் காய்ச்சாது. மகளைக் கூட்டாமல் நான் மட்டும் போனால் அவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அவளைக் கூட்டிக்கொண்டு போய், கிண்ணம் நீட்டப்பட்டு, அந்த நேரத்தில் என் கை ஒரு நொடி தயங்கினாலும் பானை சாய்ந்துவிடும்.

உங்களில் பலருக்கு இன்னும் குழந்தை இல்லை. நாளை இதே ஊர்களில் இதே கேள்வியை உங்களிடம் கேட்பார்கள். அப்போது நீங்கள் யாருடைய வாயைக் காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைவிட நல்ல வழி ஒன்று இருக்கத்தான் வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா, வேண்டாமா?